சாண்டுவின் நீலக் குவளை

"டீ குடிக்கிற எனாமல் மக்கா? அத யாரு டாக்டரம்மா இப்ப வாங்குறாங்க?" என்று நஜிமுதீன் பாய் பாத்திரக் கடைக்குள்ளிருந்து கேட்டார். "எவர்சில்வர் கீது, கண்ணாடி கீது, பிளாஸ்டிக்ல பொம்ம போட்டது கீது. எனாமல் எங்க அத்தா காலத்துச் சரக்கு."

"பழசா இருந்தாலும் பரவால்ல பாய். நீலக் கலர்ல, பிடி வெச்சது. கீதான்னு பாருங்க."

"இன்னாத்துக்கு?"

"ஷோகேஸ்ல வைக்க."

பொய் சொல்லும்போது தேவயானி ஆளைப் பார்க்க மாட்டாள், பொருளைப் பார்ப்பாள். இதைச் சொன்னபோது கடை வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த இட்லிப் பானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் ஏணி போட்டுப் பரண் மேல் ஏறினார். அட்டைப் பெட்டிகள் நகரும் சத்தமும் இரண்டு தும்மலும் கேட்டன. கீழே இறங்கியபோது அவர் கையில் தூசி படிந்த நீலக் குவளை ஒன்று இருந்தது. விளிம்பில் எனாமல் லேசாகத் தெறித்திருந்தது. ஒரு பக்கம் ரோஜாப்பூ வரைந்திருந்தது.

"தோ, ஒண்ணே ஒண்ணு."

"செர்ரிப் பழம் போட்டது இல்லியா பாய்?" கேட்ட பிறகுதான் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

"செர்ரியா! உத்திரமேரூர் பஜார்ல நின்னுக்கினு செர்ரி கேக்குறியேம்மா. கேக்கு மேல ஒட்டி வெச்சிருப்பான் பாரு, அது ஒண்ணுதான் நான் பாத்த செர்ரி. எடுத்துக்கினு போ. துரு புடிச்சிதுன்னு அப்பால வந்து பேஜார் பண்ணக்கூடாது."

குவளையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு அவள் கிளினிக்குக்கு நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் படுக்கையில் கிடக்கும் ஓர் அம்மாள் போனில் அவளைப் பார்ப்பாள். "நான் கொடுத்த குவளை எங்கே, காட்டு" என்று கேட்பாள். அந்தக் குவளையைத் தேவயானி ஏழு வருஷத்துக்கு முன்பே சாலையோரம் வீசிவிட்டிருந்தாள்.

ஊரில் அவளுக்குப் பெயர் 'மால்டோவா டாக்டர்'. கண்டிப்பாகச் சொன்னால் அவள் இன்னும் டாக்டர் இல்லை. ஆறு வருஷப் படிப்பை முடித்துவிட்டாள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தேர்வில் இரண்டு முறை ஏழெட்டு மதிப்பெண்ணில் தவறிவிட்டாள். தேறும் வரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கிளினிக்கில் பிரஷர் பார்ப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், சீட்டில் பெரிய டாக்டர் கையெழுத்துப் போடுவார். அதிகம் பேசாத பெண். மானாம்பதியிலிருந்தும் காவாந்தண்டலத்திலிருந்தும் வரும் பெண்கள் அவளிடம்தான் எல்லாவற்றையும் சொல்வார்கள். பேசாதவர்களிடம் சொன்னால் வெளியே போகாது என்று நம்பிக்கை. பேசாதவர்களுக்குள்ளும் மறைப்பதற்கு ஏதாவது இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

மால்டோவா எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவள் வைத்திருந்த பதில் சின்னது. உக்ரைனுக்கும் ருமேனியாவுக்கும் நடுவில், கடல் இல்லாத நாடு. தமிழ்நாட்டில் கால்வாசிதான் இருக்கும். 1991 வரை சோவியத் யூனியனில் ஒரு குடியரசு. இங்கே மருத்துவ இடம் கிடைக்காமல், அப்பா சேட்டு, ஏரிக்குக் கீழே இருந்த கழனியில் பாதியை விற்று, பதினெட்டு வயதில் அவளை அங்கே அனுப்பினார்.

தலைநகர் கிஷினாவ். அங்கே அவள் தங்கிய விடுதியில் சாவி வைத்திருந்தவள் தொம்னிகா. தமிழ்ப் பெண்கள் ஒரு எழுத்தைச் சேர்த்து 'தொம்னிக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போது அறுபத்தாறு வயது. வாசல் அறையில் கம்பளிச் சால்வையோடு உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்குப் போனார்கள், வந்தார்கள் என்று பார்ப்பாள். முதல் குளிர்காலத்தில் தேவயானி காய்ச்சலில் படுத்தபோது மூன்று நாள் மாடி ஏறி வந்து சூப் கொடுத்தாள். பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பிய அம்மா அவள். மகள் லிதியா இத்தாலியில் கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்ப் பதின்மூன்று வருஷமாகியிருந்தது. "எங்கள் நாட்டில் விளைவது திராட்சையும் பிரிந்து போகிற பிள்ளைகளும்" என்பாள்.

மகன் சாண்டு திரும்பி வரவே முடியாத இடத்துக்குப் போய்விட்டான். சோவியத் உடைந்து நாடு தனியாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நீஸ்த்ரு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் பிரிந்து போவோம் என்றார்கள். 1992இல் சண்டை. சாண்டுவுக்கு இருபது வயது. ஆற்றுப் பாலத்தருகே செத்துப்போனான். அவனைச் சுட்டவனும் அவனும் ஒரே சோவியத் பட்டாளத்தில் பயிற்சி எடுத்திருக்கலாம் என்று தொம்னிகா ஒரு முறை சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் விடையைச் சொல்வது போலச் சொன்னாள்.

2018 ஏப்ரலில், சித்திரை பிறந்த மறுநாள், தொம்னிகா அவளைத் தன் கிராமத்துக்கு அழைத்துப் போனாள். அவர்களுடைய ஈஸ்டர் முடிந்து ஒரு வாரத்தில் செத்தவர்களுக்கு ஒரு பண்டிகை வரும். இத்தாலியிலும் மாஸ்கோவிலும் இருப்பவர்கள்கூட அன்று ஊருக்கு வந்துவிடுவார்கள். குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்தில் துணி விரித்துச் சாப்பிடுவார்கள். செத்தவர் பெயரைச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு புதுக் குவளை, துண்டு, பின்னல் போட்ட ரொட்டி, அதன்மேல் மெழுகுவர்த்தி கொடுப்பார்கள். வாங்கிக்கொள்பவர் நன்றி சொல்லக் கூடாது. 'போக்தப்ரோஸ்தே' என்று சொல்ல வேண்டும். செத்தவரைக் கடவுள் மன்னிக்கட்டும் என்று பொருள்.

சாண்டுவின் கல்லறைக்கு மேலே கை நீட்டி, தொம்னிகா அவளுக்கு நீல எனாமல் குவளை ஒன்றைக் கொடுத்தாள். புதுசு. இரண்டு செர்ரிப் பழம் வரைந்தது.

"நீ இதில் இங்கே குடித்தால் அவன் அங்கே குடிப்பான். வீட்டில் ஓடி ஓடிப் போய்த் தண்ணீர் குடிக்கிற பிள்ளை அவன்."

"போக்தப்ரோஸ்தே" என்றாள் தேவயானி. சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. தொம்னிகா வீட்டைப் பூட்டப் போயிருந்தாள். அப்போதுதான் மானாம்பதியிலிருந்து அம்மா எல்லம்மாள் பேசினாள். தேவயானி சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"இன்னாடி சொல்ற?" அம்மாவின் குரல் ஏறியது. "சுடுகாட்ல குந்திக்கினு துன்னியா?"

"சுடுகாடு இல்லம்மா, கல்லறை. அங்க எல்லாரும்..."

"எதுவா இருந்தா இன்னா, பொணம் கீற எடம்தான? சாவு வூட்ல பச்சத் தண்ணி வாயில வெக்க மாட்டோம் நாம. செத்தவன் பேர்ல குட்த்தத வாங்கிக்கினு வர்றியே, அதுவும் சின்ன வயசுல துர்ச்சாவு செத்தவன்! கல்யாணம் ஆவாத பொண்ணு நீ. அத அங்கயே எங்கனா போட்டுட்டு தலயோட தண்ணி ஊத்திக்கினு ரூமுக்குப் போ. எம் மேல சத்தியம்."

அந்தக் கிராமத்துச் சாலையின் இரண்டு பக்கமும் சோவியத் காலத்தில் நட்ட வால்நட் மரங்கள். ஒரு மரத்துக்குப் பின்னால், துண்டில் சுற்றிய குவளையையும் ரொட்டியையும் அவள் போட்டாள். போட்டபோது குவளை கல்லில் பட்டு 'டிங்' என்றது. பத்தடி தள்ளி வந்து நின்றுகொண்டாள். தொம்னிகா வந்தாள், பையைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. விடுதிக்குப் போனதும் தேவயானி குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகினாள். பல் கிடுகிடுத்தது. தீட்டு போயிற்று.

வேறொன்று வந்து சேர்ந்ததை அவள் மூன்றாம் வருஷம்தான் அறிந்தாள். ஒரு நாள் வாசல் அறையில் தொம்னிகா ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் சிந்திய துகள்களை உள்ளங்கையில் கூட்டி வாயில் போட்டுக்கொண்டாள். தேவயானி பார்ப்பதைக் கண்டு, 1946ஐப் பற்றிச் சொன்னாள். மழை பொய்த்த வருஷம். அப்படியும் அரசாங்கத்து ஆட்கள் தானியம் வசூலிக்க வந்தார்கள். பரணில் ஏறித் துடைப்பத்தால் பெருக்கிக் கடைசி மணி வரை அள்ளிப் போனார்கள். அடுத்த வருஷம் வசந்தம் வருவதற்குள் தொம்னிகாவின் அண்ணன், நாலு வயசுப் பையன், பசியில் செத்தான். அவனை எங்கே புதைத்தார்கள் என்பதே யாருக்கும் தெரியாது. 1949இல் ஒரு ஜூலை மாதம், கையில் கொஞ்சம் நிலம் இருந்த குற்றத்துக்கு மொத்தக் குடும்பத்தையும் மாட்டு ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். தொம்னிகா பிறந்தது அங்கேதான்.

"அண்ணனுக்குக் கல்லறை இல்லை. அதனால் சாண்டுவுக்குக் கொடுக்கிற ரொட்டியில் பாதி அவனுக்கு என்று மனதில் சொல்லிக்கொள்வேன்" என்றாள்.

அன்று தேவயானி அறைக்குப் போய் அழவில்லை. அவள் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. தட்டில் ஒரு பருக்கை சிந்தினால் முதுகில் ஒன்று வைக்கும் எல்லம்மாளின் மகள், பசியில் செத்த பிள்ளையின் ரொட்டியைச் சாலையோரம் வீசியிருக்கிறாள். யாரிடம் போய்ச் சொல்வது? அடுத்தடுத்த வருஷங்களில் பண்டிகைக்கு அழைத்தபோது பரீட்சை என்றாள், வயிற்றுவலி என்றாள். ஒவ்வொரு நாளும் தொம்னிகாவைக் கடந்துதான் போக வேண்டும், சாவியை அவள் கையிலிருந்துதான் வாங்க வேண்டும். தொம்னிகா ஒரு நாளும் குவளையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமலிருந்தது கேட்பதைவிடக் கனமாக இருந்தது. 2022இல் ஊருக்குத் திரும்பியபோதும் அவள் சொல்லவில்லை.

இப்போது, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்திருந்த லிதியா எழுதியிருந்தாள். அம்மாவுக்கு இதயம் பலவீனம், அதிக நாள் இல்லை, உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள், குவளையைக் காட்டச் சொல்கிறாள்.

"வேற மக்கு ஒண்ணு வாங்கிக் காட்டிட்டா போச்சு" என்று சொன்னவள் எல்லம்மாள்தான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சாவப்போறவங்க மனசு குளுரட்டும். பொய்யி நன்மைக்கின்னா பாவம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குவளையில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். போனில் முதலில் லிதியா தெரிந்தாள், பிறகு தலையணையில் சாய்ந்த தொம்னிகா. உதட்டில் நீலம் ஓடியிருந்தது. மூச்சுக்கு நடுவே பேசினாள். நுரையீரலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று தேவயானிக்குப் பார்த்த உடனேயே தெரிந்தது.

"மகளே, மெலிந்துவிட்டாய். டாக்டர் ஆகிவிட்டாயா?"

"இன்னும் ஒரு பரீட்சை இருக்கிறது."

"ஆகிவிடுவாய்." சற்று மூச்சு வாங்கினாள். "சாண்டுவின் குவளையில் குடிக்கிறாயா?"

தேவயானி குவளையைத் தூக்கினாள். ரோஜாப்பூ தெரியாதபடி நான்கு விரல்களால் அதை மூடிக்கொண்டாள். அவள் கண் போனைப் பார்க்கவில்லை, குவளையின் தெறித்த விளிம்பைப் பார்த்தது. இரண்டு மிடறு குடித்தாள். தொம்னிகா திரையையே பார்த்துக் காத்திருந்தாள். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்.

"போக்தப்ரோஸ்தே" என்றாள்.

தொம்னிகாவுக்கு இருமல் வந்தது. லிதியா போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தாள். திரையில் இப்போது ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு பூந்தொட்டி. அதற்குப் பக்கத்தில், மடித்த துண்டின் மேல், நீலக் குவளை. இரண்டு செர்ரிப் பழம்.

"இன்னாடி, கட் ஆயிடுச்சா? ஏன் பேய் அறஞ்சாப்ல கீற?" என்றாள் எல்லம்மாள்.

போன் மறுபடி தொம்னிகாவின் முகத்துக்கு வந்தது.

"பார்த்துவிட்டாய்" என்றாள் அவள். "மறுநாள் காலையில் ஆடு மேய்க்கிற வசிலே கண்டெடுத்து, அடுத்த முறை நான் ஊருக்கு வந்தபோது கொடுத்தான். நீயே வந்து சொல்வாய் என்று இருந்தேன். நாலு வருடம் என் கண் முன்னால் போய் வந்தாய். இன்று நீ பொய் சொல்லுவாய் என்று லிதியா சொன்னாள். மாட்டாள் என்று நான் சொன்னேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் போலத் தேவயானி உட்கார்ந்திருந்தாள். ரோஜாவை மூடியிருந்த விரல்கள் தாமாகவே விலகின. அவளுக்குத் தெரிந்த ருமேனிய மொழியில் பாதிச் சொற்கள் ஓடிவிட்டன. மிச்சமிருந்தவற்றில் சொன்னாள்: "நான்தான் போட்டேன். எங்கள் ஊரில் சாவு வீட்டில் எதையும் வாங்க மாட்டோம். பயந்துவிட்டேன். அப்புறம் வெட்கம். தப்பு என்னுடையது."

"ரொட்டி?"

"என்ன?"

"குவளையும் துண்டும் வந்தன. ரொட்டி வரவில்லை. அதை எங்கே போட்டாய்? ஏழு வருடமாக அதை மட்டும்தான் கேட்க நினைத்தேன்."

"அதோடு சேர்த்துத்தான் போட்டேன். மரத்தடியில்."

தொம்னிகா கண்ணை மூடித் திறந்தாள். "அப்படியென்றால் ஏதோ ஒன்று தின்றிருக்கிறது. நாயோ, காக்கையோ. ஒன்றுக்குப் பசி தீர்ந்தது. போகட்டும்." பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "இது உன்னுடையது. கொடுத்ததை நான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. நான் போவதற்குள் யாருக்கு என்று சொல்லிவிடு."

"கிணற்றடியில் வைத்துவிடுங்களேன். வருகிறவர்கள் குடிக்கட்டும்."

"எங்கள் தெருவில் அடுப்புப் புகை வருகிற வீடு மூன்றுதான். யார் வருவார்கள்? ஒரு ஆளின் பெயரைச் சொல்."

தேவயானிக்கு அந்த ஊரில் வேறு யார் பெயரும் தெரியாது. "எனக்கே கொடுங்கள்" என்றாள். "நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்."

போனைப் பிடித்திருந்த லிதியா சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. "எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், தேவயானி. நானும் இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்றுதான் போனேன். இருபத்திரண்டு ஆயிற்று."

"சொல்லட்டும், விடு" என்றாள் தொம்னிகா. "அது அங்கேயே இருக்கும்."

போன் அணைந்த பிறகு தேவயானி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எல்லம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தெரிஞ்சிதான் கேட்டாங்களா! அய்யோ. திரும்பப் போனப் போடுடி. நான்தான் தூக்கிப் போடச் சொன்னேன்னு சொல்லு. அந்தப் பாவம் எனக்கு."

"நீ சொன்னம்மா. போட்டது நான்."

தொம்னிகா ஐப்பசியில் இறந்தாள். லிதியா ஒரு படமும் நாலு வரியும் அனுப்பினாள். வீட்டைப் பூட்டியாயிற்று, நான் இத்தாலிக்குக் கிளம்புகிறேன், சாவி வசிலேயிடம், குவளை ஜன்னலில், அம்மா அதை யாரையும் தொட விடவில்லை. ஆள் இல்லாத வீட்டில், ஆள் குறைந்துகொண்டே வரும் தெருவில், ஒருத்தி வருவேன் என்று சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒரு குவளை காய்ந்து கிடக்கிறது. கிளினிக்கில் மயங்கி வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் தேவயானிக்கு அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது. ரோஜாப்பூ குவளை மானாம்பதி வீட்டு அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. யாரும் அதில் குடிக்கவில்லை. எல்லம்மாள் அதைத் தூக்கிப் போடவும் விடவில்லை.

பண்டிகைக்கே போய்க் குவளையை எடுத்து வருவதாக அவள் சொன்னபோது, "பரீட்சைய முடிச்சிக்கினு போயேம்மா" என்றார் அப்பா சேட்டு. பரீட்சை ஜூனில். பண்டிகை ஏப்ரலில். பரீட்சையைச் சொல்லி எத்தனை பண்டிகையைத் தட்டிக் கழித்தாள் என்று அவருக்குத் தெரியாது. இந்த வருஷம் சாண்டுவுக்குப் பக்கத்தில் தொம்னிகாவும் இருப்பாள். கொடுக்க ஆள் இருக்காது.

பாஸ்போர்ட் பத்து வருஷம் முடியப் போகிறது. புதுப்பிக்க எழுதிப் போட்டாள். தை மாதம் விசாரணைக்கு வீட்டுக்கு வந்தவர் ஏட்டு பாண்டுரங்கன். நாற்காலியில் உட்கார்ந்து, எல்லம்மாள் கொடுத்த மோரைக் குடித்து, தாள்களைப் புரட்டினார்.

"மால்டோவா... படிப்புதான் முடிஞ்சிடுச்சே. திரும்ப இன்னாத்துக்கும்மா அங்க? வேலையா?"

"இல்ல சார்."

"மாப்ள கீப்ள பாத்து வெச்சிக்கிறியா? சொல்லு, நான் எழுத மாட்டேன்."

எல்லம்மாள் சமையலறை வாசலில் நின்று மகளைப் பார்த்தாள். தேவயானியின் கண் வழக்கம் போல ஒரு பொருளைத் தேடிற்று. மேஜை, மோர்ச் சொம்பு, அலமாரியில் கவிழ்ந்து கிடந்த ரோஜாப்பூ. பிறகு நிமிர்ந்து ஏட்டின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"என் டம்ளா ஒண்ணு அங்க கீது சார். போய் எடுத்தாரணும்."

"டம்ளாவா?"

"ஆமா சார். ஒருத்தங்க குட்த்தது. நான் வீசிட்டேன். எடுத்து வெச்சிக்கிறாங்க."

பாண்டுரங்கன் அவளை ஒரு முறை, அவள் அம்மாவை ஒரு முறை பார்த்தார். பேனா மூடியைக் கழற்றி, சற்று யோசித்து, 'சுற்றுலா' என்று எழுதிக்கொண்டார்.